சங்கு திரும்பிய சரித்திரம்

ஜூன் 3, திங்கள்

சாலிகிராமத்தில் இன்று காபி ஆறுவதற்குள் ஒரு யுகம் முடிந்து இன்னொரு யுகம் பிறந்துவிட்டது. எங்கள் கம்பெனிக்குப் புது லோகோ வரப்போகிறது. இப்பேர்ப்பட்ட சம்பவத்தை எழுதி வைக்க ஆள் வேண்டுமே என்றுதான் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த இந்த டைரியைக் கையில் எடுத்தேன். ஜனவரி முதல் மே வரை பக்கங்கள் வெறுமையாக இருப்பதைப் பார்த்துப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கலங்க வேண்டாம். அந்த மாதங்களில் உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

கம்பெனியின் பெயர் வலம்புரி விஷன். டிவி சீரியல் எடுக்கிறோம். தொடங்கியவர் நெல்லையப்பன், என் அக்கா கோமதியின் கணவர், எனக்கு அத்தான். இப்போது நிர்வாகம் அவர்கள் மகள் வடிவு கையில். நான் குற்றாலிங்கம். என் பதவி என்ன என்பது இந்த ஆபீசில் யாருக்கும் விளங்கியதில்லை, எனக்கும் சேர்த்து. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மேல் ஆள் கிடையாது. சீரியல் ஆரம்பிக்கும் முன்னால் திரையில் சுழன்று வருமே எங்கள் சங்கு, அது எந்தக் காலத்தில் எந்த உருவம் எடுத்தாலும், நான் பார்த்து "ஊதலாம்" என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும். அத்தான் ஆதியிலேயே போட்ட சட்டம் அது. "குத்தாலத்துக்குக் கழுகுக் கண்ணு" என்பார். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து சாலிகிராமத்துக்கு மேலே ஒரு கழுகுகூடப் பறப்பதில்லை. வெட்கம்தான்.

வடிவு சொன்னாள். "மாமா, இப்ப எல்லாரும் போன்லதான் பாக்கறாங்க. நம்ம சங்கு அதுல ஈ உக்காந்த மாதிரி இருக்கு. சின்னதா, சுத்தமா, வந்ததும் தெரியாம போனதும் தெரியாம ஒண்ணு பண்ணணும். ஆடி பொறக்கறதுக்குள்ள புது தொடரோட சேத்து விட்டுடணும்."

"வந்ததும் தெரியாம போனதும் தெரியாம இருக்கணும்னா லோகோ எதுக்கு? என்னையே விடலாமே."

"நீங்க வந்தா தெரியும் மாமா. படியில தடுக்கற சத்தம் கேக்கும்."

குழந்தைக்கு என்மேல் அளவில்லாத மரியாதை.


ஜூன் 5, புதன்

வருங்காலத்துக்காகச் சங்கு வம்சத்தின் வரலாற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வம்சம் தூர்தர்ஷன் காலத்தில் தோன்றியது. அத்தான் வீட்டுப் பூஜையில் ஒரு வலம்புரிச் சங்கு உண்டு. திருச்செந்தூர்ப் பக்கத்தில் அவருடைய அப்பாவுக்குக் கிடைத்தது. கடலில் இருக்கிற சங்கெல்லாம் இடப்பக்கம் சுழியும். லட்சத்தில் ஒன்றுதான் வலப்பக்கம் சுழியும். அதுதான் வலம்புரி, அதுதான் கம்பெனியின் பெயர், அதுதான் லோகோ. சங்கு திரையில் சுற்ற வேண்டும். சுற்றுவதற்கு எங்களிடம் கருவி இல்லை. அக்கா வீட்டுக் கிரைண்டரில் குழவியை எடுத்துவிட்டு, ஒரு பித்தளைப் போணியைக் கவிழ்த்து, கறுப்புத் துணி போர்த்தி, அதன்மேல் சங்கை உட்கார வைத்தேன். கிரைண்டர் ஓடியது, சங்கு சுற்றியது, கேமரா பதிந்தது. அன்றைக்கு இட்லிக்கு மாவில்லை. சங்கு ஊத வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. நான் ஒரு எவர்சில்வர் குடத்துக்குள் தலையை விட்டு வாயாலேயே ஊதினேன். வங்கக் கடலில் போய்க்கொண்டிருந்த இரண்டு கப்பல்கள் அந்த ஒலி கேட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பின.

இரண்டாவது வம்சம் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏசி அறை, எங்களுக்கு வெளியே பெஞ்சு. சங்கை ஒரு சுற்று சுற்ற அது நாலு நாள் எடுத்துக்கொண்டது. பூமியே அதைவிடச் சுறுசுறுப்பு. கடைசியில் தங்க நிறத்தில் ஒரு காலிஃப்ளவர் வந்து நின்றது. "ஊதலாம்" என்றேன். வேறு வழியில்லை, மறுநாள் ஒளிபரப்பு.

மூன்றாவதுதான் பேரரசு. கடல் பிளக்கும், டால்பின் துள்ளும், சங்கு எழும், அதன் வாயிலிருந்து முத்து வெடிக்கும், முத்திலிருந்து எழுத்து வரும். அவ்வளவும் முடிந்து சீரியல் தொடங்குவதற்குள் சில வீடுகளில் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார்கள். மதுரையிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, டால்பினுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

நான்காவது, ஹெச்டி வந்தபோது. டால்பினுக்கு ஓய்வு கொடுத்தோம். நீலப் பின்னணியில் வெள்ளைச் சங்கு மட்டும். இந்த நாலையும் பார்த்து ஊதச் சொன்ன கண்கள் இவை. சேனல்காரர்கள் எங்களைச் சங்கு கம்பெனி என்பார்கள். சென்னையில் சங்கு ஊதுவதென்றால் வேறு அர்த்தம் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எங்கள் போட்டியாளர்களுக்கு அந்த அர்த்தமும் பொருந்தும் என்று அத்தான் பதில் சொல்லுவார்.


ஜூன் 9, ஞாயிறு

மாநகராட்சிக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. தெருவிளக்குகளுக்கெல்லாம் மத்தாப்புப் போல நாலாபக்கமும் கதிர் விடுகிற பல்பு மாட்டியிருக்கிறார்கள். பேப்பர்காரர்கள் மையில் சிக்கனம் பிடிக்கிறார்கள். அக்கா சாம்பாருக்குப் பருப்பைக் குறைத்துவிட்டாள், நிறமே இல்லை. ஊர் முழுக்க இப்படிக் கஞ்சத்தனம் பரவினால் நாடு எங்கே உருப்படும்.

காலையில் சவரம் செய்துகொண்டு கீழே இறங்கினேன். அக்கா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏல, இந்தக் கன்னத்துல பாதி வயக்காட்ட அறுக்காம விட்டுருக்க."

"அது ஒரு ஸ்டைலுக்கா."

"ஸ்டைலு. கண்ணாசுபத்திரிக்கு எப்பப் போற?"

"வெயில் எறங்கட்டும்."

"போன வருசமும் வெயில்தான் எறங்கணும்னு சொன்ன."

வெயில் இறங்காததற்கு நான் என்ன செய்வேன். அப்பாகூட ஊரில் ஒரு முகாமுக்குப் போனார். கண்ணில் பச்சைத் துணியோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார். சரி, அந்தப் பேச்சு எதற்கு. மத்தியானம் வெண்டைக்காய்ப் பொரியல். நன்றாக இருந்தது.


ஜூன் 12, புதன்

புது லோகோ செய்யப்போகிற பெண் வந்தாள். ஷெரின். பெரிய விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அதை உதறி, வளசரவாக்கத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறாள். எங்கள் வேலைதான் அவளுக்கு முதல் பெரிய வேலையாம். அதை நன்றாகச் செய்தால் போஸ்டர், டைட்டில் எல்லாம் அவளுக்கே என்று வடிவு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

கான்ஃபரன்ஸ் அறையில் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். சக்கரவர்த்தி தர்பாரில் ஓவியத்தைக் காட்டுகிற மாதிரி எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் நாற்காலியை முன்னால் தள்ளினேன். பிறகு பின்னால் தள்ளினேன். எழுந்து நின்றும் பார்த்தேன். ஒரே கோட்டில் வளைந்து வளைந்து ஏதோ ஒன்று இருந்தது. அதன் மேல் யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்த மாதிரி.

"மஞ்சள் ஜாஸ்தி," என்றேன்.

"மஞ்சளா? அங்கிள், இதுல மஞ்சளே இல்லையே."

"அதத்தாம்மா சொல்லுதேன். இல்லாத மஞ்சளே இவ்வளவு தெரியுது."

அத்தான் மேசையைத் தட்டி ரசித்தார். "பாத்தியா வடிவு, இதுக்குத்தான் குத்தாலம் வேணுங்கறது." ஷெரின் எதையோ குறித்துக்கொண்டாள். வடிவு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் முகம் இருந்த பக்கம் ஜன்னல் வெளிச்சம்.


ஜூன் 14, வெள்ளி

பேப்பர்காரன் இன்னும் மையைக் குறைத்துவிட்டான். ராசிபலன் படிக்க முடியவில்லை. நல்லதாகவே இருந்திருக்கும்.


ஜூன் 20, வியாழன்

இரண்டு தடவை ஷெரின் திருத்தி அனுப்பினாள். இரண்டு தடவையும் மஞ்சள் குறையவில்லை. மூன்றாவதை இன்று என் போனுக்கே அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். நான் அப்போது மாடியில் வடகத்துக்குக் காவல். அக்கா என்னை நம்பிக் காக்கைகளிடம் ஒப்படைத்திருந்தாள், அல்லது காக்கைகளை என்னிடம்.

"அங்கிள், எழுத்துக்கு முதுகு காட்டற மாதிரி இருந்துச்சு, அதான் சங்கைத் திருப்பியிருக்கேன். பாருங்க, ஓகேவா?"

திருப்பி அனுப்பியிருக்கிறாள், பாவம், எத்தனை தடவைதான் அனுப்புவாள் என்று நினைத்தேன். வெயிலில் போன் திரையில் என் மூக்குதான் தெரிந்தது. மூக்குக்குப் பின்னால் சங்கு மாதிரி ஏதோ.

"எத்தன தடவதான் திருப்புவ, போதும்மா."

"அப்போ இது ஓகேவா அங்கிள்?"

"ஊதலாம்," என்றேன்.

அந்த முனையில் அந்தப் பெண் விட்ட மூச்சில் வளசரவாக்கத்தில் மரங்கள் ஆடியிருக்கும். அவளிடம் வேலை பார்க்கிற இரண்டு பேரும் பின்னாலிருந்து கை தட்டினார்கள். வடிவிடமும் அத்தானிடமும் நானே போன் செய்து சொன்னேன். "நீங்க சொல்லிட்டா முடிஞ்சுது மாமா," என்று வடிவு அச்சடிக்கக் கொடுத்துவிட்டாள். அத்தான் பார்க்கக்கூட இல்லை. குத்தாலம் பார்த்தாகிவிட்டதே.

காக்கை ஒரு வரிசை வடகத்தைத் தூக்கிவிட்டது. நான் பார்க்கவில்லை.


ஜூன் 21, வெள்ளி

தலையணை உறை துவைத்தேன். வேறொன்றுமில்லை.


ஜூன் 28, வெள்ளி

புதுத் தொடரின் தொடக்க விழாவுக்கான ஸ்வீட் பெட்டிகள் வந்து இறங்கின. மூடியில் புது லோகோ. வடபழனி சிக்னலில் பேனரும் ஏறிவிட்டது. சேனலில் முன்னோட்டம் நேற்றே ஓடியிருக்கிறது. அக்கா ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பூஜை அலமாரிப் பக்கம் போனாள். வீட்டுச் சங்குக்கு முதலில் காட்டுவாளாம். ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"குத்தாலம், இது இடம்புரில."

"எது?"

"பொட்டில போட்டுருக்கது. நம்ம சங்கு இந்தா இப்படிப் போகுது. இது அப்படிப் போகுது. கடத்தெருவுல கூடையில வச்சு விப்பாம்லா, அந்தச் சங்கு."

பெட்டியை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நெய் வாசனை வந்தது.

"நீதான பாத்துச் சொன்ன?" என்றாள்.

"நாந்தான்."

அக்கா என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள். வீட்டில் இருந்த எல்லாப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.


ஜூன் 29, சனி

செய்தி காட்டுத்தீ போலப் பரவியது என்று எழுதினால் காட்டுத்தீ கோபித்துக்கொள்ளும். கோடம்பாக்கத்தில் இருக்கிற அத்தனை சீரியல்காரர்களும் அத்தானுக்குப் போன் செய்துவிட்டார்கள். கூடவே தொழிலுக்கு வந்த பழைய நண்பர் ஒருவர் கேட்டாராம்: "என்ன நெல்லையப்பன், கம்பெனிய எடம் மாத்திட்டியளாமே?" அத்தான் போனை வைத்துவிட்டு மோர் கேட்டார். குடிக்கவில்லை.

வடிவு ஷெரினை ஆபீசுக்கு வரவழைத்துவிட்டாள். எனக்கு இன்று தலைவலி. போகவில்லை. போய்வந்த டிரைவர் முருகையா சொன்னதை எழுதுகிறேன். அந்தப் பெண் "அங்கிள்கிட்ட சொல்லித்தான் திருப்பினேன்" என்றதாம். வடிவு, "எங்க மாமா கண்ணுல இது தப்பி இருக்கவே இருக்காது, அவர் ஓகே சொன்னப்புறம் நீங்க மாத்தியிருக்கீங்க" என்றதாம். திங்கட்கிழமை அத்தான் விசாரிப்பாராம். அதன்பிறகு ஷெரினுக்கு இங்கே வேலை இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் லோகோவை மாற்றிய பெண் என்று பெயர் வந்துவிட்டால் கோடம்பாக்கத்தில் வேறு எங்கேயும் இல்லை.

திருப்பியிருக்கேன் என்றுதான் சொன்னாள். சொன்னாள்தான்.

தலைவலி நிஜம். தைலம் போட்டேன்.


ஜூன் 30, ஞாயிறு

மழை வரும் போல இருந்தது. வரவில்லை. ஷெரினிடமிருந்து இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. பெயர் தெரியாமல் யாரோ என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.


ஜூலை 1, திங்கள்

இன்றைய சபையை முழுவதும் எழுதுவதாக இல்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

கான்ஃபரன்ஸ் அறை. அத்தான் மேசையின் தலைப்பக்கம். பக்கத்தில் வடிவு. எதிரே ஷெரின், கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி, பேருந்தில் கடைசி இருக்கை கிடைத்தவள் மாதிரி. எனக்கு என் வழக்கமான சிம்மாசனம்.

அத்தான் கோபப்பட்டால் குரல் தாழும். இன்று தரைக்குக் கீழே போய்விட்டது. "குத்தாலம், ஒன்னைய யாரும் குத்தம் சொல்லல. ஒரே ஒரு கேள்விதான். இந்தப் பொண்ணு ஒங்கிட்டக் காட்டினது எது, அப்புறமா மாத்தினது எது, அத மட்டும் சொல்லிரு." இரண்டு காகிதங்களை என் முன்னால் வைத்தார். "ஒண்ணு வலம்புரி, ஒண்ணு இடம்புரி. எதப் பாத்து ஊதலாம்னு சொன்ன?"

நான் இரண்டையும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஏதோ சுருண்டு படுத்திருந்தது.

வெளியே எடிட்டிங் அறையில் யாரோ ஒரு அழுகைக் காட்சியை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நடிகை அழுதாள், நிறுத்தினாள், மறுபடியும் முதலிலிருந்து அழுதாள். ஏதாவது ஒரு காகிதத்தில் விரலை வைத்துவிடலாம். வலம்புரியில் விழுந்தால் நான் கழுகு, இடம்புரியில் விழுந்தால் அந்தப் பெண் சொன்னது நிஜம். பாதிக்குப் பாதி. இதைவிட மோசமான கணக்கில் சீரியல் எடுத்திருக்கிறோம்.

விரலைத் தூக்கினேன். ஷெரின் பக்கம் கைப்பையின் ஜிப் மெல்ல நகருகிற சத்தம் கேட்டது. திறந்து, மூடி, திறந்து.

"ரெண்டும் மஞ்சளா இருக்கு, அத்தான்," என்றேன்.

அத்தான் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கலர் பிரிண்டர்ல மை இல்ல குத்தாலம். ரெண்டும் கறுப்பு வெள்ளடா."

எடிட்டிங் அறையில் அந்த நடிகை மறுபடியும் அழ ஆரம்பித்தாள். வடிவு எழுந்துபோய் அவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வந்தவள் தன் நாற்காலிக்குப் போகவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, குழந்தையில் கதை கேட்கும்போது வைப்பதுபோல, என் தலையில் மோவாயை வைத்துக்கொண்டாள்.

"ஷெரின் திருப்பிட்டேன்னு சொல்லிச்சு," என்றேன். "நான் திருப்பி அனுப்பினதுன்னு நெனச்சேன். அது மேல ஒரு தப்பும் இல்ல."

ஷெரின்தான் முதலில் பேசினாள். "எங்கப்பாவும் இப்படித்தான் அங்கிள். ஒரு வருஷம் எங்கம்மாவ 'யாரும்மா நீ'ன்னு கேட்டுட்டு, அப்புறமா அது ஜோக்குன்னு சொல்லுவாரு."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் துண்டால் முகம் துடைத்தார். முகம் முழுவதையும் துடைத்தார்.

சுருக்கமாக எழுதுவதாகத்தான் இருந்தேன்.


ஜூலை 2, செவ்வாய்

பேனரை இறக்கிவிட்டார்கள். பெட்டி மூடிகளில் ஒட்டுவதற்கு வலம்புரியோடு ஸ்டிக்கர் அச்சாகிறது. ஷெரின்தான் செய்கிறாள்.

என்னை வடிவு கையோடு கண்ணாசுபத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் சின்ன வயசு. கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எப்படி சார் நடமாடறீங்க?" என்றார். "ராஜநடை," என்றேன். வியாழக்கிழமை வலது கண். இடது கண் அப்புறம்.

அப்பாவின் பச்சைத் துணி பற்றி அவரிடம் கேட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அந்தக் காலத்தில் எப்படிச் செய்வார்கள், இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் மெதுவாகச் சொன்னது பிடித்திருந்தது.


ஜூலை 4, வியாழன்

(வடிவு எழுதுகிறேன், மாமா சொல்லச் சொல்ல.) ஆபரேஷன் முடிந்தது. உலக மருத்துவ வரலாற்றில் இப்படி ஒரு தைரியசாலியைக் கண்டதில்லை என்று நர்ஸ்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். (நர்ஸ் சொன்னது: கொஞ்ச நேரம் பேசாம இருங்க சார்.) அக்கா கையைப் பிடித்திருந்ததாக யாரும் வதந்தி பரப்ப வேண்டாம். (அம்மா கையில் இன்னும் நகத் தடம் இருக்கிறது.)


ஜூலை 5, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள்.

நீலம். முதலில் தெரிந்தது நீலம்தான். டாக்டர் போட்டிருந்த சட்டை. இந்த நிறம் இன்னும் உலகத்தில் விற்பனையில் இருக்கிறதென்று யாருமே என்னிடம் சொல்லவில்லை. சுவர் வெள்ளை. பல்புக்கு ஒரே ஒரு பல்புதான், கதிர் கிதிர் ஒன்றும் இல்லை. மாநகராட்சி மேல் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். ரொம்ப நேரம் அவளைப் பார்த்தேன்.

"இவ்வளவு சுருக்கம் எப்பக்கா வந்துச்சு?"

"நீ பாக்காத நேரத்துல வந்துச்சுல."

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். அதைப் பற்றி வரலாற்றுக்கு எதுவும் தேவையில்லை.


ஜூலை 9, செவ்வாய்

நான் கட்டோடு படுத்திருந்தபோது திருத்திய லோகோவை மற்ற எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்களாம். அத்தான் இரண்டு தடவை. வடிவு நாலு தடவை. அக்கா பூஜைச் சங்கையே ஆபீசுக்குக் கொண்டுபோய்த் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாளாம். வலம்புரிதான், சந்தேகமே இல்லை. "ஊதலாம்" என்று இந்தத் தடவை மூன்று பேரும் சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குச் சேனலுக்குப் போகிறது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததும் சரிதான்.

வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆங்கிலப் படத்து வில்லன் மாதிரி, சும்மா ஆபீசுக்குப் போனேன். ஷெரின் மட்டும் அறையில் இருந்தாள். நான் நினைத்திருந்ததைவிடப் பெரியவள். முன் நெற்றியில் ஒரு நரை. விரலில் மை.

"அங்கிள், நீங்க இன்னும் பாக்கலையே. சும்மா பாருங்க," என்று மடிக்கணினியைத் திருப்பினாள்.

சங்கு வந்தது. ஒரே கோடு. நுனியில் புறப்பட்டு, வலப்பக்கம் சுழன்று, நீர்ச்சுழி போல உள்ளே இறங்கி, அங்கேயே நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். நாலு வம்சத்தையும் நான் பார்த்திருக்கிறேன். கிரைண்டர் இல்லை, காலிஃப்ளவர் இல்லை, டால்பின் இல்லை, இதுதான் சங்கு. அதற்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. வ, ல, ம, பு, ரி.

ம.

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். ம. மேலே புள்ளி இல்லை. வலமபுரி.

அந்த நேரத்தில் என் மனசு எங்கெல்லாம் போனது என்பதை எழுதுகிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. கான்ஃபரன்ஸ் அறையில் எல்லோரையும் கூட்டுகிறேன். விளக்கை அணைக்கச் சொல்கிறேன். "மூணு பேர் பார்த்தீர்கள், ஆறு கண்கள், எல்லாமே பழுதில்லாத கண்கள்" என்று ஆரம்பிக்கிறேன். அத்தான் எழுந்து நிற்கிறார். வானத்தில் கழுகுகள் வட்டமிடுகின்றன. கோடம்பாக்கத்திலிருந்து வளசரவாக்கம் வரை வெடி வெடிக்கிறார்கள்.

"ஷெரின், அந்தக் கதவச் சாத்தும்மா," என்றேன்.

அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் இது எத்தனையாவது சாத்தின கதவோ. சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"'ம'வுக்கு மேல புள்ளி எங்க போச்சு?"

குனிந்து பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். "சின்ன சைஸுக்கு எழுத்து மாத்தினேன் அங்கிள். அப்ப உழுந்திருக்கும். எல்லாரும் பாத்தாங்களே, யாருமே..."

"எல்லாரும் சங்கத்தான் பாத்தாக. எழுத்த யாரு பாத்தா?"

"வடிவு மேடம்கிட்ட நானே சொல்லிடறேன். இன்னொருத்தர் சொல்லித் தெரிஞ்சா..." நகத்தைக் கடித்தாள். "ரெண்டாவது தடவ அங்கிள் இது. ரெண்டாவது தடவ."

"ஒரு புள்ளிதான. அது இல்லேன்னு வெளிய சொன்னாத்தான் நான் கண்டுபிடிச்சதா ஆகும். இருந்துட்டா ஒண்ணுமே ஆகல. வைம்மா."

வைத்தாள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிட்டத்தில் ஒரு தடவை, தூரத்தில் ஒரு தடவை பார்த்தேன். அழகான உருண்டைப் புள்ளி. வேர்க்குரு மாதிரி.


ஜூலை 10, புதன்

சேனலுக்கு அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அத்தான், வடிவு, அக்கா, நான். ஷெரின் மடிக்கணினியிலிருந்து ஓட்டினாள். சங்கு வந்தது, சுழன்றது, எழுத்து உட்கார்ந்தது.

அத்தான் முன்னால் சாய்ந்தார். "இன்னொருக்க போடும்மா."

போட்டாள்.

"என்னமோ மாறியிருக்க மாதிரி இருக்கே," என்றார். "போன வாரம் நாங்க பாத்தப்ப இப்படி இல்ல. நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னன்னு பிடிபட மாட்டேங்குது. வடிவு, ஒனக்குத் தெரியுதா?"

"தெரியலையேப்பா. அதே மாதிரிதான் இருக்கு."

ஷெரினின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. விரலில் மை, நகத்தில் கடித்த தடம். எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "குத்தாலம், நீ சொல்லு. என்ன மாறியிருக்கு?"

"என்னயக் கேட்டா எப்படி அத்தான்," என்றேன். "போன வாரம் நான் கட்டுப் போட்டுல்லா கெடந்தேன். முன்ன எப்படி இருந்துச்சுன்னு இந்தக் குருட்டுப் பயலுக்கு என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான்," என்றார் அத்தான். எழுந்து வந்து மிகுந்த இரக்கத்தோடு என் முதுகைத் தடவிக் கொடுத்தார். நானும் முகத்தை மிகுந்த இரக்கத்துக்குரியதாக வைத்துக்கொண்டேன். ஷெரின் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.